இந்த வயசுல அதெல்லாம் வராது

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. ஒன்றரைப் பக்கம், ‘மாண்புமிகு’வில் தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’வில் முடியும். எழுதித் தரச் சொன்னவள் செல்லக்கனி. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி, வயது இருபத்தெட்டு. நான் வண்டிக்குப் பெட்ரோல் போடும் பங்கில் வேலை செய்கிறாள்.

ஒருநாள் பெட்ரோல் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ணா, நீங்க புக்கு எழுதுறவராமே? எம்.எல்.ஏ. ஆண்ட ஒரு சட்டம் கேக்கணும். எழுதித் தர்றீங்களா?”

எம்.எல்.ஏ.விடம் ரோடு கேட்பார்கள், பட்டா கேட்பார்கள். சட்டம் கேட்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன சட்டம் என்றேன். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“ஓரமா நில்லுங்க, சொல்றேன்.”

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

எண்ணூர்க் கடலில் அன்று அலை அதிகம். செல்லக்கனியின் மனதிலும்

(இதற்கு மேல் ஓடவில்லை. அவள் மனதில் அலை எதுவும் இல்லை. கொடுத்த சில்லறையைச் சரிபார்ப்பவள்போல நிதானமாகப் பேசினாள்.)

இருபத்தாறு வயதில், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டிருக்கிறது. ஒரு கிளினிக்குக்குப் போனாள். தொட்டுப் பார்க்காமலே, பால் கட்டிக்கொண்டது, இந்த வயதில் வேறெதுவும் வராது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை போனாள். மூன்று முறையும் அதே பதில். ஒன்பது மாதம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய். அந்த மார்பை எடுக்க வேண்டியதாயிற்று.

“எடுத்ததுகூட பரவால்லணா. அந்த ஒம்பது மாசம்தான் பேஜாரு. நான் இன்னா சும்மா குந்திகினா இருந்தேன்? போய்க் கேட்டேன். கேட்டும் அனுப்பிட்டாங்கோ.”

அவள் கேட்ட சட்டத்தில் இரண்டே விஷயம். எந்த வயதுப் பெண் கட்டி என்று வந்தாலும் தொட்டுப் பார்த்து, பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியிலும் வேலை செய்யும் இடத்திலும் வருடத்துக்கு ஒருமுறை, வேலை நேரத்திலேயே, இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும்.

3

எம்.எல்.ஏ. என்ற பாத்திரம்தான் என்னைப் படுத்தியது. மனுவோடு நாங்கள் போவதற்கு முன்பே அவரை எழுதி வைத்திருந்தேன்: போனைப் பார்த்தபடி தலையாட்டுபவர். நேரில் இருந்தவருக்குக் கடும் ஜலதோஷம். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாய்விட்டுப் படித்தார்.

அவர் அலுவலக ஹாலில் இருபது பேர் காத்திருந்தார்கள். ஒரு வரியில் அவர் குரல் இறங்கியது. “அதாவது… இந்த லேடீஸ் ப்ராப்ளம்…”

“அப்டி சொன்னா எதுன்னு தெரியாது சார்,” என்றாள் செல்லக்கனி. “மார்பகப் புற்றுநோய். எனக்கு வந்தது அதான்.”

(ஒப்புக்கொள்கிறேன்: மனுவில் நானும் முதலில் ‘பெண்களைத் தாக்கும் அந்நோய்’ என்றுதான் எழுதியிருந்தேன். அவள்தான் மாற்றச் சொன்னாள்.)

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். “கட்டின்னு எப்படிம்மா தெரிஞ்சுது? வலிச்சுதா?”

“வலிக்கல சார். அதான் விஷயமே. பட்டாணி மாரி, கெட்டியா. வலிச்சிருந்தா ஊரக் கூட்டியிருப்பேன்.”

அவர் இன்னும் கேட்டார்: கிளினிக்கில் என்ன சொன்னார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள். என் கதைக்கு இது வசதியாக இல்லை. எனக்கு ஒரு எதிராளி தேவைப்பட்டார். கடைசியில் சொன்னார்: “நான் ஒருத்தன் நினைச்சா சட்டம் வராதும்மா. தனிநபர் மசோதா கொடுக்கலாம், அது தேறுறது கஷ்டம். சபையில கேள்வியா எழுப்பலாம்.”

“கேட்டா பதில் சொல்லித்தான் ஆவணுமா?”

“சொல்லணும். என்ன பதில்னு என் கையில இல்ல.”

“கேளுங்க சார். இன்னா பதில் வந்தாலும் அத எடுத்துகினு மறுபடி வரேன்.”

4

அடுத்து நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. கதைக்காகச் செய்த ஏற்பாடுபோலத் தெரியும். ஆனால் நடந்தது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். சாக்கடை அடைப்புக்காக அம்மாவோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தனியாக எங்கள் பின்னால் வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். (மகிழினி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை.)

“அக்கா, பட்டாணி மாரின்னு சொன்னீங்கல்ல… எனக்கும் ஒண்ணு கீது. நாலு மாசமா.”

“யாராண்டயாவது சொன்னியா?”

“இல்லக்கா. மாப்ள பாத்துகினு கீறாங்கோ.”

நான் இரண்டடி தள்ளி நின்றேன். செல்லக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நெறைய கட்டி சும்மா கட்டிதான். ஆனா அத டாக்டர் சொல்லணும், நாமளே சொல்லிக்கக் கூடாது. நாளிக்கு எனக்கு லீவு. காலைல எட்டு மணிக்கு விம்கோ நகர் மெட்ரோ வாசல்ல நில்லு.”

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள்.

5

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

சட்டம் நிறைவேறிச் செல்லக்கனி பங்கில் இனிப்பு (கிழித்துவிட்டேன். கூட்டத்தொடரே இன்னும் தொடங்கவில்லை. கேள்வியை எழுத்தில் கொடுத்துவிட்டதாக எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அலெக்ஸாண்டர் போனில் சொன்னார், அவ்வளவுதான்.)

‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலோடு (இதுவும் என் ஊகம்.)

மூன்றாவது, மகிழினியின் ரிசல்ட். அது போன வியாழக்கிழமை வந்துவிட்டது. எனக்குத் தெரியும். எழுதி, பங்குக்கு எடுத்துப்போய்ச் செல்லக்கனியிடம் காட்டினேன். காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்று முழுவதும் படித்தாள்.

“என்னப் பத்தி எவ்ளோ வேணா எழுதுங்கணா. நான்தான சொன்னேன். அந்தப் பொண்ணு ரிசல்ட்டு அவுளுது. அத எடுத்துருங்க.”

“படிக்கிறவங்க கேப்பாங்களே?”

“கேக்கட்டும். நல்லதுன்னு போட்டா, ‘ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் போனா’ன்னுவாங்கோ. கெட்டதுன்னு போட்டா, பயந்துகினு போவவே மாட்டாங்கோ. ரெண்டும் வோணாம்.”

ஒரு கார் வந்து நிற்க, அவள் போய்விட்டாள். கடைசிப் பத்தியை அங்கேயே அடித்து நீக்கினேன். அந்த இடத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு வரச் சொன்ன அன்று, ஏழே முக்காலுக்கே வந்து நின்றிருந்தாளாம் மகிழினி.