சிரித்தால் வெளியே வரும்

ஃபிக்ரியை நான் கல்யாணம் செய்துகொண்டதற்கு அவனுடைய சிரிப்பைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை. எங்கள் ஊர் தும்யாத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு தச்சன் மேல்தான் விழவேண்டும். ஆகவே தச்சன் என்பதற்காக இங்கே யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. ஃபிக்ரிக்கு முதலில் தோள் குலுங்கும், பிறகு வயிறு, அதன்பின் பக்கத்தில் எந்தப் பலகை இருக்கிறதோ அதைப் போட்டு அடிப்பான். நான் கதை சொல்வேன், அவன் சிரிப்பான். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. கீழே கடை, மேலே வீடு. அவன் அலமாரியும் சோஃபாவும் செய்கிறான். அந்த சோஃபாக்களுக்கு நான் திண்டு தைக்கிறேன்.

குளிர்காலம் முடிகிற சமயம், ஒரு மாப்பிள்ளையின் அம்மா கல்யாணக் கட்டில் பார்க்க வந்தாள். படுத்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்று செருப்போடு ஏறிப் படுத்தவள், அப்படியே குறட்டை விடத் தொடங்கினாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னபோதுதான் எழுந்தாள். கன்னத்தில் என் திண்டின் பூவேலை பதிந்திருந்தது. "முதுகுக்கு ஒத்துக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபிக்ரி வரும்வரை இதை வாயில் அடைத்துவைத்திருந்தேன். வந்ததும் அதே கட்டிலில் படுத்து, குறட்டை முதல் முதுகு வரை நடித்துக் காட்டினேன்.

அவன் கலாபியா அங்கியின் பக்கப் பைக்குள் கையை விட்டுக்கொண்டான். "நல்லா இருக்கு" என்றான். கொல்லைப்புறம் போய்விட்டான்.

நல்லா இருக்கு என்பது அடுத்த வீட்டுக் கஞ்சியைப் பற்றிச் சொல்வது. அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மறுநாள் பழைய கதைகளை, தவறியதே இல்லாதவற்றை, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் கை பைக்குள் போனது. சில சமயம் முழு ஆளும் அறையை விட்டுப் போனான். ஒருவேளை இத்தனை வருஷமும் நான் வேடிக்கையானவளாகவே இருந்ததில்லையோ, ஒரு நல்ல மனிதன் சிரித்துக்கொடுத்தானோ என்றுகூட யோசித்தேன். அழகு போனால் சாயம் பூசலாம். இது போனால் எனக்கு என்ன மிச்சம்?

மேல்மாடி தவ்லத்திடம் சொன்னேன். அவள் இரண்டு புருஷர்களைப் பார்த்து முடித்தவள்.

"கை எந்நேரமும் பைக்குள்ளயா?"

"ஆமா."

"அடி இன்ஸாஃப், பைத்தியமே. அங்க ஃபோன் இருக்கு. ஃபோனுக்குள்ள ஒருத்தி இருக்கா. இப்ப அவ சொல்ற கதைக்குத்தான் சிரிக்கிறான்."

"ஃபோன் மேசை மேலதான் கெடக்கு."

"அப்ப ரெண்டாவது ஃபோன்."

அந்த வாரம் துவைக்கப்போன துணிகளுக்கு அடியில் ஒரு பெல்ட் கிடைத்தது. இடுப்பில் ஒரு பட்டை, தொடைக்கு ஒரு பட்டை, ஒரு பக்கம் மட்டும் தடித்த பஞ்சு. தவ்லத் அதைப் புரட்டிப் பார்த்தாள். "தொப்பையைக் கட்டுறான். ரெண்டாவது கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாரும் கட்டுவாங்க."

மதியச் சாப்பாட்டில் ரொட்டிக்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டிக்கும் நடுவே அந்த பெல்ட்டை வைத்தேன்.

"யாரு அவ?"

"எவ?" என்றான் ஃபிக்ரி. பிறகு பெல்ட்டைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "இது... காப்பிக்கடைக் கூட்டாளி ஹம்தி குடுத்தது. அவங்க மாமா போட்டிருந்தாராம்."

"எதுக்கு?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். பெரிய அலமாரியை மாடிக்கு ஏற்றிய அன்று தொடை இடுக்கில் ஏதோ பிடுங்கியதுபோல் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது. இருமினால் வருகிறது, சிரித்தால் வருகிறது. காப்பிக்கடையில் கூட்டாளிகளைக் கேட்டிருக்கிறான். கால்ல ஆணி குத்தின புண்ணுக்கு நெறி கட்டியிருக்கு, புண் ஆறினா போயிடும் என்றிருக்கிறான் ஒருவன். என் சகலைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது என்று பாதியில் நிறுத்தி ஷீஷாப் புகையை இழுத்திருக்கிறான் இன்னொருவன்.

"அவன் அப்படி நிறுத்தினதுலதான் எனக்குத் தூக்கமே போச்சு" என்றான். "சிரிக்காம இருந்தா அடங்கிடும்னு நெனச்சேன். ஆனா நீ வாயத் தொறந்தாலே நான் கைய வச்சு அமுக்க வேண்டியிருக்கு, இன்ஸாஃப். அந்தக் குறட்டைக்காரி அன்னிக்கு என்னைக் கொன்னே போட்டா. கொல்லையில போய்ச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவன் புற்றுநோய் என்று பயந்து வெளுத்திருந்தான். எனக்குள்ளோ கல்யாண வீட்டு மத்தளம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன்: "நெஜமாவே சுவத்தப் புடிச்சியா?"

மறுநாள் அறுவை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மீசை இப்போதுதான் தீர்மானமாகியிருந்த இளைஞர். ஃபிக்ரியைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, "இருமுங்க" என்றார். ஃபிக்ரி மய்யத்து கிடக்கும் துக்க வீட்டில் இருமுவதுபோல் இருமினான்.

"இன்னும் பலமா, மாமா."

மறுபடியும் அதே மரியாதையான இருமல்.

"ஒண்ணும் தெரியலையே. மூச்சப் புடிச்சு முக்குங்க."

"கூச்சமா இருக்கு டாக்டர். என் பொண்டாட்டியக் கூப்பிடுங்க."

"அவங்க எதுக்கு?"

"அவ வந்தா வரும்."

திரையை விலக்கி உள்ளே போனேன். பரிசோதனைக் கட்டில் காலியாக இருந்தது. செருப்போடு ஏறிப் படுத்தேன். குறட்டையை மெதுவாக ஆரம்பித்து, பாங்கு சொல்லும் இடத்தில் திடுக்கிட்டு எழுந்து, கன்னத்தைத் தடவி, டாக்டரைப் பார்த்து, "முதுகுக்கு ஒத்துக்கல" என்றேன்.

முதலில் தோள். பிறகு வயிறு. பிறகு ஃபிக்ரி மருந்து அலமாரியை அடித்தான். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை வைத்துப் பார்த்தார். "இதோ வந்துருச்சு" என்றவர், அதற்குமேல் அடக்க முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

குடலிறக்கம்தானாம். வயிற்றுச் சுவர் அந்த இடத்தில் பலமில்லாமல் இருக்கும். பாரம் தூக்கினால் இடைவெளி விட்டு, குடல் எட்டிப்பார்க்கும். "நெறி கட்டினா படுத்தாலும் அப்படியே நிக்கும், மாமா. இப்படி வந்து வந்து போகாது. நீங்க பயந்தது இல்ல இது." பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர குணப்படுத்தாது. உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைத்துவிடலாம். அதற்குள் வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல் வலித்தாலோ வாந்தி வந்தாலோ ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, இருமும்போதும் சிரிக்கும்போதும் தையல்மேல் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தவ்லத் சூப்போடு வந்து வாசலிலேயே என்னை மடக்கினாள். "நீ அந்த ரூமுக்குள்ள வாயத் தொறந்தா பாரு. தையல் பிரிஞ்சா உன்னாலதான்." நானும் ஊமையாக உள்ளே போவதும் ஊமையாக வெளியே வருவதுமாக இருந்தேன். வாய்க்கு வேலையில்லாததால் கைக்கு வேலை கொடுத்தேன். பஞ்சை இறுக்கி அடைத்து, ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டு ஒரு திண்டு தைத்தேன். இவ்வளவு கெட்டியான திண்டை எந்த சோஃபாவுக்கும் தைத்ததில்லை.

அதை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்க போற?"

வாயைப் பொத்திக் காட்டினேன்.

ஃபிக்ரி திண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தான். தையல்மேல் சரியாக வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தான். முதுகைத் தலைமாட்டுப் பலகையில் சாய்த்துக்கொண்டான். நான் இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தோள் அதற்குள் லேசாகக் குலுங்கத் தொடங்கியிருந்தது.

"ம்," என்றான். "செருப்போட படு."