பத்தரை முதல் பன்னிரண்டு வரை

வெள்ளிக்கிழமை காலை பத்து முப்பத்தாறுக்கு என் மகள் வாணி லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "எல்லாம் ஏத்தியாச்சுப்பா. அமுக்கவா?" என்று கேட்டாள். திரையின் அடியில், அனுப்பு என்று மலாயில் எழுதிய பச்சைப் பொத்தான் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் ஊர் கிள்ளான் துணிக்கடையில் தீபாவளிக்கு இனாமாகக் கொடுத்த தேதி கிழிக்கும் காலண்டர், சிவகாசியில் அச்சடித்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. ஆறு நிமிடம் முன்னால் கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன்.

"இரும்மா. பன்னெண்டு தாண்டட்டும்."

"இன்னிக்குத்தான்பா கடைசி நாள்."

"நாள்தானே கடைசி? ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் தொறந்திருக்கும் லா. ஒன்றரை மணி நேரத்துல என்ன குடியா முழுகிடப்போவுது?"

அவள் சரி என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

அது அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. டிப்ளோமாவில் 3.75 புள்ளிக்கு மேல் எடுத்து, வீட்டு வருமானமும் குறைவாக இருக்கிற பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாணி எடுத்தது 3.91. மூன்று வருடம் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கல்லூரிக்குக் கொமுட்டர் ரயிலில் போய் வந்து, உட்கார இடம் கிடைக்காத நாளெல்லாம் கம்பியில் சாய்ந்து நின்றே படித்து எடுத்தது. பினாங்கில் பல்கலைக்கழக இடமும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது இந்தப் பணம் மட்டும்தான். கல்லூரி ஆபீசில் மதிப்பெண் பட்டியலுக்கு முத்திரை குத்திக் கொடுக்கவே வியாழக்கிழமை சாயந்திரம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் நகல் எடுக்கும் கடை திறந்ததும் ஸ்கேன் எடுத்து, ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்கப் பத்தரை ஆனது.

ராகு காலமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பதினொரு வருடம் முன்னால் செகண்ட் ஹேண்ட் வேன் ஒன்றுக்கு ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டேன். நாற்பதாவது நாள் காப்பார் சாலையில் லோரி மோதி வேனும் போச்சு, என் இடது முட்டியும் போச்சு. லோரிக்காரன் தூங்கிவிட்டான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதிக்கொண்ட காரணம் வேறு. அன்றிலிருந்து இந்த வீட்டில் பால் டின் வாங்கினால்கூட நேரம் பார்த்துத்தான். வாணிக்கு அப்போது ஒன்பது வயது. பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள்.

எனக்கு அன்று மதிய ஷிப்ட், செக்யூரிட்டி வேலை. குளிக்கப் போனேன். முட்டி மடங்காததால் எனக்குக் குளிக்க அரை மணி நேரம் பிடிக்கும். வெளியே வந்தபோது அவள் அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை இருண்டுபோகாமல் இருக்க அவ்வப்போது விரலால் தொட்டுக்கொண்டாள். சாமிக்கு விளக்கேற்றினேன். பன்னிரண்டு அடித்து, அதற்கு மேலும் ஐந்து நிமிடம் போகட்டும் என்று காத்திருந்து, "ம், இப்ப அமுக்கு" என்றேன்.

பச்சைப் பொத்தான் மறைந்து சிவப்பில் ஒரு வரி வந்தது. விண்ணப்பம் மூடப்பட்டது, இறுதி நேரம் நண்பகல் 12.00.

"அஞ்சு மணின்னு நெனச்சேன்பா," என்றாள். "நானும் பார்க்கல."

போன் செய்தோம். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், யாரும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண்தான், பொறுமையாகக் கேட்டாள். சிஸ்டம் தானாக மூடிக்கொள்ளும், எங்கள் கையில் ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் போடச் சொல்லுங்கள் என்றாள். அடுத்த வருடம்வரை பினாங்கில் இடத்தைப் பிடித்து வைப்பார்களா? மாட்டார்கள். அதையும் வாணி கேட்டுவிட்டாள். கடன் வாங்கலாம் என்றேன். அது கைக்கு வருவதற்குள் சேரும் தேதி முடிந்துவிடும், முன்பணம் கட்ட வழியில்லை என்று அவளே கணக்காகச் சொன்னாள். அழவில்லை.

எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. சோறு போட்டுச் சாப்பிட்டேன், ரசத்தில் உப்பு குறைவு என்றுகூடத் தோன்றியது. சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய், வருகிற காருக்கெல்லாம் கம்பியைத் தூக்கி விட்டேன். என் மனைவி சீதாலெட்சுமிக்கு மறுநாள் காலையில்தான் சொன்னேன். கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள். கேட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கத்தித் தொலைத்திருந்தால் தேவலை.

"எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க," என்றாள் பிறகு. "சும்மா உக்காந்து என்ன செய்யப்போறா."

அன்று மத்தியானம் வாணியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஏம்மா, நான் அரை மணி நேரம் குளிச்சிக்கிட்டு இருந்தேனே. அமுக்கிட்டு அமுக்கலன்னு சொல்லியிருந்தா எனக்கு என்ன தெரியப்போவுது?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க வேணாம்னீங்களே பா."

கோபமே இல்லை அந்தக் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். செயலாளர் ரெங்கசாமி அண்ணன் அலுவலகச் சுவரில் புதுக் காலண்டர் மாட்டிக்கொண்டிருந்தார். பழையது எங்கள் வீட்டில் இருக்கிற அதே சிவகாசிக் காலண்டர், தரையில் கிடந்தது.

"ஏண்ணே, வருசம் முடியலையே?"

"இது நம்ம ஊரு நேரம் போட்டது லோகன். அது இந்தியா நேரம்பா. அங்க ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துடுது, இங்க ஏழு தாண்டித்தானே வருது? ராகு காலமும் தள்ளித்தான் வரும்."

"வெள்ளிக்கிழமை எப்பண்ணே?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பதினொன்னே முக்கால்லேருந்து ஒன்னேகால் வரைக்கும். பத்தரைக்கெல்லாம் ஒன்னும் கெடையாது, சுத்தமான நேரம். ஏன், ஏதும் விசேஷமா?"

இல்லை என்றேன். திருநீறு பூசிக்கொண்டேன். பஸ் நிறுத்தம்வரை நடந்தது நினைவிருக்கிறது, பஸ்ஸில் ஏறியது நினைவில்லை. பிள்ளைக்கு நல்ல நேரத்தை எல்லாம் தாண்ட விட்டு, கெட்ட நேரம் பார்த்து அமுக்கச் சொல்லியிருக்கிறேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

இன்று திங்கட்கிழமை, வாணிக்குத் தொழிற்சாலையில் முதல் நாள். தொழிற்சாலை வேன் ஏழரைக்குக் கீழே வந்து நின்றது. சீதாலெட்சுமிக்கும் இந்த வாரம் பகல் ஷிப்ட், முன்னால் இறங்கிப் போய்விட்டாள். எங்கள் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடக்கிறது. வாணி வாசலில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கம்பெனியில் கொடுத்த வெள்ளை ஷூவில் ஒன்றை மாட்டி முடிச்சுப் போட்டாள். இன்னொன்றை எடுத்தவள் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை. காலண்டரைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். காலண்டரில் இன்னும் வெள்ளிக்கிழமைதான் இருந்தது, அதன் பிறகு நான் கிழிக்கவில்லை.

"அப்பா, ஏழரை தாண்டிடுச்சு. போகவா, வேணாமா?"

கீழே வேன்காரன் ஹார்ன் அடித்தான். சீதாலெட்சுமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மறுபடி ஹார்ன். வாணி ஒரு காலில் ஷூவும் கையில் ஒரு ஷூவுமாக, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.