விலை கூடிய ஆயில்

வள்ளித்தாய் ஒரு தீர்மானத்தோடுதான் அந்தக் கடைக்குள் கால் வைத்தாள். விருதுநகர் பஜாரில் ஆயில் கடை வைத்திருக்கிற ரத்தினசாமி அண்ணாச்சிக்கு அது தெரியாது, பாவம். வழக்கம்போல் சிரித்துக்கொண்டு, "வாங்க சீனிச்சாமி, வேனுக்கா?" என்று அவள் புருஷனைக் கேட்டார்.

சீனிச்சாமி ஆமத்தூரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவன். வள்ளித்தாயும் அந்த வேனில்தான் வேலைக்குப் போகிறாள். கல்யாணமான காலத்திலிருந்து இந்தக் கடையில்தான் ஆயில் வாங்குகிறான்.

"வேனுக்கு இல்ல அண்ணாச்சி, போட்டுக்கு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற சீமையில் நின்றுகொண்டு ஒருவன் படகுக்கு ஆயில் கேட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

விஷயம் இதுதான். வள்ளித்தாயின் தம்பி கதிரவன் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தான். ஒரு நாள் அந்த அறையே அவனோடு வெடித்து இல்லாமல் போய்விட்டது. எங்கேயோ மலிவாகக் கிடைத்த மருந்தை வாங்கிப் போட்டதுதான் காரணம் என்று ஆஸ்பத்திரி வாசலில் பேசிக்கொண்டார்கள். விசாரணை என்ன சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. மலிவு என்ற சொல் மட்டும் அவள் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது முடித்திருந்த மகன் செழியனைப் பட்டாசுப் பக்கமே அண்ட விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். தங்கை பானுப்பிரியாவைக் கடலோரம் வேம்பார்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை புருஷன் ஊர்க்காவலனிடம் ஒரு பழைய படகு கிடந்தது, என்ஜின் இல்லாமல். வள்ளித்தாய் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் ஒரு பழைய டீசல் என்ஜின் வந்தது; படகில் செழியனுக்குப் பாதிப் பங்கும் வந்தது. பையனும் கடலுக்குப் பழகிவிட்டான். இப்போது என்ஜினுக்கு ஆயில் மாற்ற வேண்டும். அந்தச் செலவு இந்தத் தடவை இவர்களுடையது.

கதையைக் கேட்ட அண்ணாச்சி அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து வைத்தார். "பழைய என்ஜினுக்கு இந்த நாப்பது நம்பர் போதும். கெட்டியா நிக்கும். சாதாரண ஆயில்தான், ஆனா அடிக்கடி மாத்திரணும். வேன் மாதிரி கிலோமீட்டர் கணக்கு பாக்காதீக. போட்டு நின்ன எடத்துலயே என்ஜின் ராத்திரி பூரா ஓடும், மணிக் கணக்குத்தான் பாக்கணும்."

வள்ளித்தாய் அந்தக் கேனைப் பார்க்கவேயில்லை. கண்ணாடி அலமாரிக்குள் தங்க நிறத்தில் மினுக்கிக்கொண்டு நின்ற கேனைக் காட்டினாள். "அது என்ன வெல?"

அண்ணாச்சி சொன்னார். சாதாரண ஆயிலில் இரண்டு கேன் வாங்கலாம், அந்த விலைக்கு.

"அதையே குடுங்க."

"தாயி, அது தண்ணி மாதிரி இளகுன ஆயிலு. புது என்ஜினுக்குத்தான் ஆகும். உங்க என்ஜின்ல ஆயில அடைச்சு நிறுத்துற சீல் எல்லாம் தேஞ்சிருக்கும், அது நிக்காம கசிஞ்சிரும். இதுல ரெண்டு கேன் வாங்குனா ஒண்ண ஊத்திட்டு ஒண்ண கையில வச்சிக்கிறலாம். கொறைய கொறைய ஊத்தலாம்."

வள்ளித்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. "கம்பெனிக்கு வேலைக்குப் போறவளுக்கு மலிவுச் சரக்கு போதும்னு முடிவு பண்ணிட்டீகளாக்கும்? மொதலாளிமாருக்கும் இதத்தான் எடுத்து வைப்பீகளோ? எம் மகன் போற போட்டு அண்ணாச்சி. மலிவானதுல அவன ஏத்தி அனுப்ப மாட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் அந்த வார்த்தை அந்த மனிதருக்குத் தேவையில்லாதது. விலை கூடினதை விற்றால் அவருக்குத்தானே லாபம்? ஆனால் கோபம் வந்த தாய்க்கு யாவாரக் கணக்குச் சொல்லி யார் ஜெயித்தார்கள்? அண்ணாச்சி சீனிச்சாமியின் முகத்தைப் பார்த்தார். அவன் வாசலில் நின்ற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தங்க நிறக் கேனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வேம்பாருக்குப் போனாள். கொடுக்கும்போது, ஊர்க்காவலனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னாள்: "ஏலே செழியா, இது ஒசத்தி ஆயிலு. ஆறு மாசத்துக்குத் தொட்டே பாக்க வேண்டாமாம்." யாரும் அப்படிச் சொல்லவில்லை. இம்புட்டு விலை கொடுத்தால் அம்புட்டு நாள் தாங்காதா என்று அவளாகவே நினைத்துக்கொண்டதுதான். அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கம்பெனியிலிருந்து திரும்பி வருகிற வழியில் பானுப்பிரியா போன் பண்ணினாள். "அக்கா, நேத்துப் போன போட்டு இன்னும் வரலக்கா." போனிலேயே அழுதாள்.

சீனிச்சாமி ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே வேனைக் கடற்கரைக்கு விட்டான். அங்கே வள்ளித்தாய் பொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நெருப்புக்குப் பயந்து பிள்ளையைத் தண்ணீரில் கொண்டுவந்து போட்டேனே என்று அரற்றினாள். மறுநாள் வெயில் சாய்கிற நேரத்தில் வேறொரு விசைப்படகு அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஊர்க்காவலனுக்குப் பின்னால், உதடு வெடித்து, கண் உள்ளே போய்ச் செழியன் இறங்கினான். அவனை முதுகில் நாலு போடு போட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்து அழுதாள்.

மெக்கானிக் வந்து என்ஜினைத் திறந்தார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. ஆயில் அவ்வளவும், தேய்ந்த சீல் வழியாகக் கசிந்து பலகைக்கு அடியில் கிடந்தது. "பழைய என்ஜின்ல இவ்வளவு இளகுன ஆயில ஊத்துன புத்திசாலி யாருங்க? ஊத்துனதுதான் ஊத்துனீங்க, அளவு பாக்குற கம்பியவாவது எடுத்துப் பாக்கக் கூடாதா?"

ஊர்க்காவலன் தலையைக் குனிந்துகொண்டான். "மதினி தொட வேண்டாம்னு சொன்னாக," என்று முனகினான். அந்த என்ஜின் இனி பழைய இரும்புக்குத்தான் ஆகும்.

ஊர் திரும்புகிற வேன் சாத்தூரைத் தாண்டியது. செழியன் பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டான். சீனிச்சாமிதான் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணாச்சி சொன்னது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் வள்ளி."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்லுவேன்? கதிரவன் போன பெறகு உங்கிட்ட வந்து, மலிவானது போதும்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

தீபாவளி சீசன் நெருங்கியிருந்தது. ஆள் கிடைக்காமல் எல்லாக் கம்பெனியும் அலைந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வேன் ஏறும்போது செழியன் தூக்குச்சட்டியோடு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தான்.

"எறங்குலே."

"சீசன் முடியிற வரைக்கும்தாம்மா. வேற என்ஜினுக்குப் பணம் சேந்ததும் கடலுக்கே போயிருவேன்."

"எறங்குலேங்கிறேன்!"

"சங்கிலியும் போயிருச்சு. வேற எங்கன போயிச் சேக்கச் சொல்ற?"

அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீனிச்சாமி கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகச் சோதித்து உள்ளே விட்டார். வள்ளித்தாய் திரி ஒட்டுகிற அறைக்குப் போகிறவள். மகனுக்கும் அங்கேயே ஏதாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, "வா, போர்மேன்ட்ட நான் பேசுறேன்," என்றாள்.

"வேண்டாம்மா. நேத்தே போன்ல பேசிட்டேன். கூலி கூடுன ரூம்தான் கேட்டிருக்கேன்."

அங்கே கூலி கூடின அறை ஒன்றுதான் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம், மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, தனியாக இருந்தது. அதன் வாசலில் உடம்பிலிருக்கிற மின்சாரம் தரையில் இறங்குவதற்காகப் பதித்திருந்த செம்புத் தகட்டில் செழியன் உள்ளங்கையை வைத்து எடுத்தான். அந்தச் சீமைப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வள்ளித்தாய் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

"தாயி, மருந்து ரூம் பக்கம் மத்தவுக போகக் கூடாது," என்று வாட்ச்மேன் குறுக்கே வந்து நின்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.