கத்தரிப்பூவாகிப் போன நீலம்

ராசா என்ற ஊரில் அச்சகம் வைத்திருக்கும் ரவீந்திரன், பேயே வந்து கார்டு அடிக்கச் சொன்னாலும் முதலில் ஒரு மாதிரித் தாள் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார். "கம்ப்யூட்டர்ல தெரியிற கலர் வேற, தாள்ல விழுற கலர் வேறலா. இதைப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க." இதுவரை வாங்கிய கையெழுத்துத் தாள்களை விரித்தால் ஈப்போ நகரம் வரை நடந்து போகலாம்.

அப்பேர்ப்பட்டவர் மகள் நித்தியாவின் கல்யாணக் கார்டுக்கு மட்டும் மாதிரி அடிக்கவில்லை. நம் வீட்டுக் கார்டுதானே! திரையில் மயிலே வெட்கப்படும் நீலம். தாளில் அது கத்தரிப்பூ நிறமாக விழுந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று கட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தன் சொந்தங்களுக்கோ திரையில் இருந்த படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கார்டின் அடியில் ஒரு வரி: 'இதே நிறத்தில் உடுத்தி வாருங்கள்.'

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, புக்கிட் பெருந்துங்கிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அம்சவள்ளி கூப்பிட்டார்.

"சம்பந்தி, எங்க ஆளுங்க நாப்பது பேரு கத்தரிப்பூ கலர்ல சேலை எடுத்து ஜாக்கெட்டும் தைச்சாச்சு. உங்க பக்கம் எல்லாம் நீலமாமே? மண்டபத்துல எங்களைத் தனியாப் பிரிச்சு நிக்க வைக்கவா?"

"ஐயோ, அப்படி இல்லலா சம்பந்தியம்மா! போன்ல கலர் மாறித் தெரியும்…"

"உங்க ஆளுங்க அனுப்புன படத்தை எங்க வீட்டுல எட்டு போன்ல பாத்தாச்சு. எட்டுமா பொய் சொல்லுது? மரியாதை இல்லாத எடத்துல பொண்ணு எடுக்கணுமான்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு."

எதிரே இருந்த நித்தியாவுக்கும் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "நம்ம கார்டுக்குக் கையெழுத்துப் போட்ட தாள் எங்கப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

ரவீந்திரன் போனை மறுபடி வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"சம்பந்தியம்மா… போன் மேல தப்பில்ல. நான்தான் மாதிரி அடிச்சுப் பாக்கல. கலர் மாறுனதும் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

அம்சவள்ளி அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஒரு ரப்பர் கன்றை நட்டு, வளர்த்து, பாலும் வெட்டியிருக்கலாம்.

"மாப்பிள்ளைக்கு நீங்க எடுத்த சட்டைத் துணி என்ன கலரு?"

"இப்பவே படம் அனுப்புறேன்…"

"படமா! துணியைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க. வெயில்ல வச்சுப் பாக்கணும். எங்க வீட்டுக்காரருகிட்ட நடந்ததை நீங்களே சொல்லுங்க."

ரவீந்திரன் நீலத் துணியைப் பையில் வைத்தார். அதன்மேல் நித்தியா ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"கையெழுத்து வாங்கிட்டு வாங்கப்பா."

அவள் சிரிக்கவில்லை.