கொழுந்து மாடியில் காய்ந்த கம்பளம்

நாகலெட்சுமிக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைக் காதளவு தூக்கினாலே கழுத்து வரை சுரீர் என்று இழுத்தது. நேற்று முழுக்க ஈரக் கம்பளத்தின் மேல் குந்தியிருந்து கட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்த வலி. தைலம் தேய்த்தாள். தைல வாடைதான் மிஞ்சியது.

கந்தப்பளை டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி ராசிக்கின் கழுவும் கொட்டில். ஹோட்டல்களிலும் பெரிய வீடுகளிலும் கறைபட்ட கம்பளங்கள் அங்கேதான் வரும். தூசு தட்டுவது, கறை எடுப்பது, அலசுவது, காய வைப்பது எல்லாம் நாகலெட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும். பௌர்ணமிப் போயா லீவுக்கு மற்ற இருவரும் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் நாகலெட்சுமி மட்டும் வந்திருந்தாள். காரணம், நடுக் கொட்டிலில் நனைந்து கிடந்த சிவப்புக் கம்பளம்.

பழைய தோட்டத் தொரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்களின் கம்பளம் அது. நடுவில் அடர் சிவப்பு, சுற்றிலும் வெண்ணெய் நிறக் கரை. ஒரு கல்யாண விருந்தில் யாரோ கரையில் வைனைக் கொட்டிவிட்டார்கள். ஹோட்டல் பையன்கள் உப்பைப் போட்டுத் தேய்த்துக் கறையை இன்னும் உள்ளே இறக்கி அனுப்பியிருந்தார்கள். நாகலெட்சுமி அதை எடுத்துவிட்டாள். கறை இருந்த இடம் எதுவென்று இனி அவளுக்கே தெரியாது.

கறை எடுத்ததில் பிரச்சினை இல்லை. காய வைப்பதில்தான் வந்தது. நேற்று மாலை கொட்டிலின் சூட்டு மெஷின் புகைந்து நின்றுபோனது. வெளியே வாரக் கணக்கில் மழையும் மூடுபனியும். கம்பளி அப்படியே குளிர்ந்து கிடந்தது. இந்த மாதிரிப் பழைய சாயம் ஈரத்தில் நீண்ட நேரம் கிடந்தால், ஈரம் மேலே ஏறும்போது சிவப்பும் கூடவே ஏறும். வினாகிரி கலந்த தண்ணீரில் அலசியிருந்தாள். அது சாயத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். கொஞ்ச நேரம்தான்.

வெள்ளைத் துணியொன்றை மடித்து, சிவப்பும் வெண்ணெயும் சேருகிற இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். துணியில் லேசாக ரோஸ் நிறம்.

ராசிக் கதவருகே நின்று கேட்டான். "என்ன லெட்சுமி, காபட் என்ன சொல்லுது?"

"பேச ஆரம்பிச்சிருச்சு நானா." துணியைக் காட்டினாள்.

அவன் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "கரைக்கு வந்திட்டா?"

"இன்னும் வரல. இன்னைக்குப் பொழுதுக்குள்ள காயலேன்னா வந்துரும். வந்தா அப்புறம் எடுக்க ஏலாது."

"இது கெட்டா அந்த ஹோட்டல்ல இரிந்து இனி ஒரு கால்மிதி கூட வராது. அந்த நிரஞ்சன் மெனேஜர் மத்த ஹோட்டலுக்கெல்லாம் சொல்லுவான். கொட்டில மூட வேண்டியதுதான்." ராசிக் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். "நீ திரும்பக் கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போ. நான் மச்சான்ட கடையில மூட்ட தூக்குறன்."

கூடை என்றதும் அவள் தோள் இன்னொரு முறை இழுத்தது. புருசன் செத்த பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவள் அவள். திரும்பிப் போக, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும் இல்லை.

"நானா, எங்க வீட்டுக்காரரு தம்பி ஸ்டோர்ல இருக்காருல்ல. கந்தப்பன். கொழுந்து வாட்டுற மாடியில."

"அதுக்கு?"

"அங்க கம்பி வலத் தட்டு நீளமா இருக்கும். அடியில இருந்து காத்து வரும். ராத்திரி தேயில காயவச்ச அடுப்புச் சூடு இன்னும் இருக்கும், அந்தச் சூட்டுக் காத்தத் தொறந்து விடலாம். இன்னைக்குப் போயா, கொழுந்து எடுக்க மாட்டாங்க. தட்டெல்லாம் சும்மா கெடக்கும்."

"தேயில போடுற எடத்துல காபட்டா? ஒனக்குப் பைத்தியமா ஈக்கி?"

"வேற எடம் இருந்தா சொல்லுங்க."

ராசிக்கிடம் வேறு இடம் இல்லை. சிவப்பு வெண்ணெய்க் கரையில் படாதபடி இடையில் பழைய பெட்ஷீட்டுகளை வைத்துச் சுருட்டினார்கள். செத்த மாட்டைத் தூக்குவது போல இருந்தது. சின்ன லொறியில் ஏற்றிவிட்டு அவள் இடது கையால் வலது தோளை அமுக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

கந்தப்பன் தேயிலை ஆலையான ஸ்டோரின் வாசலில் நின்றான். மழைக்காலத்தில் மலையில் உரமூட்டையோடு சறுக்கி விழுந்து கால் எலும்பு உடைந்தவன். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் தொரையிடம் பேசி அவனை மலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். தரை மட்டமான இடத்தில் அவனால் நடக்க முடியும். ஏற்றத்தில் முடியாது.

லொறிக்குள் எட்டிப் பார்த்தான். "மதினி, ஃபோன்ல துணின்னு சொன்னீங்க."

"இதுவும் துணிதான் தம்பி."

"இதுவா? நல்லாத்தான் இருக்கு ஒங்க துணி. இதுக்கு மேல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்." சிரிக்கவில்லை. "டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னய மலைக்கு அனுப்பிருவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"இந்தக் காலோட."

"தெரியும் தம்பி. பகலுக்குள்ள எடுத்துருவேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அண்ணன் படுக்கையில் கிடந்த காலத்தில் இவள்தான் தனியாகப் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தான்.

கடைசித் தட்டில், சுவரோரமாக, கம்பளத்தை விரித்தார்கள். கந்தப்பன் விசிறியைப் போட்டு, சூட்டுக் காற்று வருகிற கதவையும் திறந்தான். கம்பி வலைக்கு அடியிலிருந்து காற்று கம்பளத்தைத் தூக்கப் பார்த்தது. ஓரங்களில் கல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஈரக் கம்பளியின் வாடை எழும்பியது. மழையில் நனைந்த ஆட்டின் வாடை, கூடவே வினாகிரிப் புளிப்பு.

ராசிக் கீழே லொறிக்குப் போய்விட்டான். நாகலெட்சுமி துணியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ரோஸ். பிறகு ரோஸ் குறைந்தது. அடிப்பக்கம் கை வைத்தால் இன்னும் சில்லென்று இருந்தது. கரை சுத்தமாகவே இருந்தது.

கீழே போயிருந்த கந்தப்பன் படியேறி வந்தான். படி அவனுக்குக் கஷ்டம். இருந்தும் வேகமாக வந்திருந்தான்.

"மதினி, எடுங்க. காலையில ஆள் கூப்புடுற பெரட்டுல கைக்காசு போட்டுட்டாங்களாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"மழையில கொழுந்து முத்திப் போச்சாம். லீவுன்னாலும் பரவாயில்ல, வாறவங்க வாங்க, எடுத்த கிலோவுக்கு இன்னைக்கே காசுன்னு மலையப் பாக்குற கண்டாக்கு ஐயா சொல்லிட்டாராம். பாதி லயம் மலையில நிக்குது. முதல் லொறி வந்துக்கிட்டிருக்கு."

அவளே எத்தனையோ போயாவுக்குக் கைக்காசுக்குப் போனவள். மழையில் முத்திய கொழுந்தை எந்தத் தொரையும் மலையில் விட்டு வைக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. காலையில் அது நினைவுக்கு வரவில்லை. வர விடவில்லை என்பதும் சரிதான்.

"இப்ப எடுத்தா முடியாது தம்பி. அடி இன்னும் ஈரம். சுருட்டுனா சூட்டுல செவப்பு கக்கும். இவ்வளவு நேரம் காயவச்சதே வெனையாப் போயிரும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? கொழுந்த மூட்டையிலயே வச்சிருக்க ஏலாது, சூடேறி வெந்து போகும்."

"முன்னால உள்ள தட்டுல போடுங்க. இது கடைசியில இருக்கு. கொஞ்ச நேரந்தான்."

"மதினி, தேயில வாடையப் பிடிக்கும். சோப்பு வச்ச கையால தொட்டாலே ஐயா மோப்பம் பிடிப்பாரு."

"காத்த வெளிப்பக்க ஜன்னலுக்கு விடுங்க. தம்பி, இது கெட்டுச்சுன்னா எனக்கு எடம் இல்ல. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்." கும்பிடக் கையைத் தூக்கினாள். வலது கை பாதியில் நின்றுவிட்டது.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஜன்னல்களைத் திறக்கப் போனான்.

கொழுந்து லொறி வந்தது. மூட்டைகள் மேலே ஏறின. கந்தப்பன் தனியாளாக முன்தட்டுகளில் கொழுந்தைக் கொட்டி உதறிப் பரப்பினான். அவள் உதவிக்குப் போனாள். "அங்கயே நில்லுங்க, ஒங்க கையில புளிப்பு வாடை" என்று தடுத்தான். பச்சை வாசம் மாடி முழுக்க நிறைந்தது. அவள் கம்பளத்தைப் புரட்டினாள். தோளில் ஏதோ கிழிவது போல இருந்தது. அடிப்பக்கத்தில் துணியை அழுத்தினாள். வெறும் ஈரம். நிறம் இல்லை. இன்னும் கொஞ்சம்.

அப்போதுதான் படியில் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டது.

ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கர் யோகேஸ்வரன் மாடிக்குள் வந்ததும் நின்றார். எதையும் பார்ப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சினார். பக்கத்துத் தட்டில் ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகர்ந்தார். கீழே போட்டார். இன்னும் இரண்டு தட்டு தள்ளி வந்து இன்னொரு பிடி. அதையும் போட்டார். பிறகு நேராகக் கடைசித் தட்டுக்கு நடந்து வந்தார்.

"என்னடா இது?"

"காபட்டுங்க ஐயா."

"அது எனக்கும் தெரியுது. பங்களா காபட் மாதிரி இருக்கு. எங்க இருந்து வந்துச்சு? திருட்டுச் சாமானா?"

"இல்லீங்க. கழுவ வந்தது." கந்தப்பன் நொண்டிக் காலை முன்னுக்கு வைத்து நின்றான். "இவுங்க எங்க மதினி. கழுவுற எடத்துல வேல செய்றாங்க. காய வைக்க எடமில்லன்னு பேச்சு வாக்குல சொன்னாங்க. நான்தான் இங்க கொண்டாங்கன்னு சொன்னேன். போயாவுக்குத் தட்டு சும்மாதான் கெடக்கும்னு சொன்னது நான்தான். கொழுந்து வந்தப்பவும் எடுக்காம விட்டது நான்தான். அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

யோகேஸ்வரன் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். நான்தான் கேட்டேன், எடுக்கச் சொன்னபோது நான்தான் மறுத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் கேட்டாய் என்பார். யார் அனுப்பினார்கள் என்பார். கீழே ராசிக் நிற்கிறான். எந்த ஹோட்டல் என்று கேட்டு ஒரு ஃபோன் போட்டால் போதும். கையில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. கம்பளம் பிழைத்துவிட்டது.

"ஆமாங்க" என்றாள்.

கந்தப்பன் தரையைப் பார்த்தான்.

"இந்தச் சனியன எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் யோகேஸ்வரன். "கந்தப்பன், இந்தக் கொழுந்து முழுக்க வெளியில தள்ளு. ஒரு எல கூட உள்ள போகக் கூடாது. பொறகு ஆபீசுக்கு வா."

ராசிக் மேலே வந்து கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இறங்கும்போது பின்னால் கந்தப்பன் கொழுந்தைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானோரம் பச்சையாகக் குவிந்தது. தலையில் மழைச்சாக்கோடு அடுத்த கொழுந்தைக் கொண்டுவந்த பெண்கள் அதைப் பார்த்து நின்றார்கள்.

கம்பளத்தை ஹோட்டல்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வைன் கொட்டிய இடத்தை நிரஞ்சன் மெனேஜர் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் சிரித்தானாம். இன்னும் கம்பளங்கள் அனுப்புகிறானாம். ராசிக் சூட்டு மெஷினைத் திருத்தினான். திரும்ப மலைக்கு அனுப்பப்பட்ட கந்தப்பனைக் கொட்டிலில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நாகலெட்சுமி கேட்டாள். "ஈரத் தரையில அந்தக் காலோட வழுக்கி விழுந்தா யாரு பாக்குற?" என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

டவுன் பஸ் நிலையத்தில் பழைய கூட்டாளி ராக்காயியைக் கண்டாள். அன்று மலையில் நின்று கொழுந்து எடுத்தவள்.

"என்னடி நாகு, ஒன் காபட் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு."

"நல்லது. நாங்கதான் நனைஞ்சோம்." பஸ் வந்தது. ராக்காயி ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கந்தப்பனின் லயத்துக்குப் போனாள். வாசலில் மருந்து அடிக்கிற டாங்கி கவிழ்த்து வைத்திருந்தது. அவன் முதுகில் அதன் வார் அறுத்த தடம். கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிப் பளபளத்தது. அவன் மனைவி பிரியந்தி வெந்நீர்த் துணியை அதில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி" என்றான் கந்தப்பன். "தோளு எப்படி?"

"பரவாயில்ல தம்பி."

பிரியந்தி நிமிரவில்லை. துணியைப் பிழிந்தாள். "டீமேக்கர் ஐயா கேட்டப்போ ஆமாங்கன்னு சொன்னீங்களாமே அக்கா."

"பேசாம இரு" என்றான் கந்தப்பன்.

"நான் என்ன, கேட்டேன். சொன்னாங்களா இல்லயான்னு."

"சொன்னேன்" என்றாள் நாகலெட்சுமி.

பிரியந்தி தலையாட்டினாள். எழுந்து போய்ப் பால் விடாத தேநீராகச் சாயத் தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். சீனி போட்டிருந்தாள். நாகலெட்சுமி அதை முழுக்கக் குடித்தாள்.

திரும்பும்போது ஸ்டோர் வழியாகத்தான் பாதை. மாடியில் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆபீசில் யோகேஸ்வரன் இருப்பது ஜன்னலில் தெரிந்தது. வாசல் வரை போனாள். காவல்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு இறங்கினாள். காலையில் ராசிக்கின் கொட்டிலுக்கு இரண்டு கம்பளம் வருகிறது.

கந்தப்பனுக்கு அவள் ஸ்டோர் வேலையைக் கடன்பட்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை.