பெட்டிக்குள் பஸ்காரர்

அந்தத் தெருவில் பஸ்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு மீட்டர் நீள பஸ்ஸைப் பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு மாடிப்படியில், காலில் சாக்ஸோடு இறங்கி, கடைசி மூன்று படிகளை ஒரே படியாகக் கடந்து, இடது கணுக்காலை உடைத்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு. தெரு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

கால் வலியைவிட அவருக்கு அந்த ஒன்பது நாள்தான் வலித்தது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவாசிகள் எல்லாரும் ஆற்றங்கரைப் பூங்காவில் கூடி, விளையாடி, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சாமான் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது. மச்சானின் வேனை இரவல் வாங்கி, மேஜை, நாற்காலி, தண்ணீர் கேன், ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் இறக்கிவிடுவார். பிறகு மைக்கைப் பிடித்தால் சாயங்காலம் வரை விடமாட்டார். "பஸ்காரர் இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று பல் டாக்டர் சொல்லும்போது அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். பல் டாக்டர்தான் தெருச் சங்கத்தின் செயலாளர்.

"இந்தத் தடவை நான் கொண்டு போறேன்" என்றாள் மனைவி, தட்டைத் துடைத்துக்கொண்டே.

"எதுல?"

"என் வண்டியிலதான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த தட்டை எடுத்தாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பூக்கடைக்காரியிடமிருந்து அந்த வண்டியை வாங்கினாள். முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் ஆள் உட்காரும் அளவுக்கு மரப்பெட்டி, பின்னால் ஒரு சக்கரம், மேட்டில் மட்டும் முனகிக்கொண்டு கைகொடுக்கும் சின்ன மோட்டார். பெட்டியின் ஓரத்தில் இன்னும் ஈர இலை வாசனை அடிக்கும். இரண்டு பெண்களையும் அதில்தான் பள்ளிக்கூடத்தில் விடுவாள். மளிகை, மெத்தை உறை, ஜுரம் வந்த பிள்ளை, எதிர்வீட்டுப் பிளம்பரின் குழாய்கள் எல்லாம் அதில் ஏறியாயிற்று. ஒரு முறை துணி துவைக்கும் இயந்திரத்தையே ரிப்பேருக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

அவர் மட்டும் அதற்குத் தொட்டி என்று பெயர் வைத்திருந்தார். "உன் தொட்டியை ஓரமா நிறுத்து, வழியை அடைக்குது" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பஸ் ஓட்டுகிறவருக்குச் சைக்கிள் என்றாலே கண்ணாடிக்கு முன்னால் நெளிகிற ஒரு தொல்லை.

விழா அன்று காலையில் அவரை ஜன்னலோரம் உட்கார்த்தி, காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தார்கள். அவர் அங்கிருந்தே அதிகாரம் செய்தார்.

"மேஜையைக் குறுக்கால வை. கயிறு இறுக்கமா இருக்கா? இன்னொரு சுத்து சுத்து."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் இஷ்டப்படி கட்டினாள். முதல் நடையில் மேஜைகள் போயின. பெரியவள் தன் சின்ன சைக்கிளில் கூடவே போய் பூங்காவில் காவலுக்கு நின்றுகொண்டாள். இரண்டாம் நடையில் இருபத்துநான்கு மடக்கு நாற்காலிகள். மூன்றாவதில் தண்ணீர் கேன்கள். நான்காவதில் ஒலிபெருக்கியும் கயிறு இழுக்கும் போட்டிக்கான வடமும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சரிந்து விழும் என்று அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் விழவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஐந்தாம் தடவை வந்தவள், வியர்வையை முழங்கையில் துடைத்துக்கொண்டு, "எந்திரிங்க. கடைசி லோடு நீங்கதான்" என்றாள்.

"நான் வரல."

"வராம? மைக்ல யாரு பேசறது?"

"யாராவது பேசட்டும். பஸ்காரனைப் பொண்டாட்டி தொட்டியில வச்சுத் தள்ளிட்டு வரான்னு ஊரே சிரிக்கணுமா?"

"தள்ள மாட்டேன். மிதிப்பேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது சின்னவள் வந்தாள். ஐந்து வயது. தலைக்கவசம் போட்டிருந்தாள். இன்னொன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"பயப்படாதப்பா. மூணே மூணு ரூல்தான். கையை வெளிய நீட்டக் கூடாது. எந்திரிச்சு நிக்கக் கூடாது. அழுதா பிஸ்கட் கிடையாது."

"மூணாவது ரூல் யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

அதற்குமேல் அவரால் வீம்பு பிடிக்க முடியவில்லை. பிளம்பரும் அவர் தம்பியும் ஆளுக்கொரு தோளைக் கொடுத்துத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். "பார்க்க லேசா தெரியறீங்கண்ணா" என்றார் பிளம்பர் மூச்சு வாங்க. மாவுக்கட்டுக் கால், தலையணைமேல், பெட்டியின் முன் விளிம்பைத் தாண்டிப் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் அவர் இடுப்போரம் இடுக்கிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. முதல் முனையிலேயே அவருடைய நல்ல கால் தானாகப் பலகையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. இரண்டாம் முனையிலும் மிதித்தார்.

"அப்பா, எதுக்கு உதைக்கிற?"

"பழக்கம்மா."

பத்தொன்பது வருஷமாக உயரத்திலிருந்து, பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்த ஊர் அது. இன்றைக்கு முழங்கால் உயரத்தில் வந்தது. கடைகளின் கதவுப் பிடிகள், நடப்பவர்களின் பைகள், நாய்களின் நேர்ப்பார்வை. சின்னவள் வழி காட்டிக்கொண்டே வந்தாள். இந்தச் சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில் பார்த்தால் ரயில் தெரியும். அந்த நீலக் கதவு வீட்டில் இருக்கும் நாய்க்கு ஒரு காதுதான். பேக்கரிக்காரர் இப்போது கை ஆட்டுவார், பார். பேக்கரிக்காரர் ஆட்டினார்.

"என்னக்கா, இன்னைக்கு லோடு பெரிசா இருக்கு" என்று சாவி வெட்டுகிறவன் கேட்டான்.

"ஆமா தம்பி. உடையற சாமான், பார்த்துத்தான் போகணும்" என்றாள் மனைவி.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பேருக்கு இவளைத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுடைய மூச்சு தலைக்குப் பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் வேலை செய்யும்போது விடுகிற மூச்சை இவ்வளவு கிட்டத்தில் அவர் கேட்டதில்லை.

பாலத்துக்கு வந்தார்கள். அகலம் குறைந்த பழைய பாலம். அவர் தினம் எட்டுத் தடவை கடப்பது. பாதி தூரம் போயிருப்பார்கள், பின்னால் ஓர் உறுமல் கேட்டது. அவருக்குத் தன் குரலைப் போலத் தெரிந்த உறுமல். "நம்ம வண்டி" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சின்னவள் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. பழகிப்போன காரியம் மாதிரி இருந்தது. "பஸ்ஸுப்பா. பிடிச்சுக்கோ" என்றாள். பின்னால் மனைவியின் மூச்சு நின்றது.

பஸ் கடந்தது. ஒரு கை நீளம்தான் இடைவெளி இருந்திருக்கும். அவர் தோளுக்குப் பக்கத்திலேயே சக்கரம் சுழன்றது. காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. அவர் மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டது பஸ் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"இது பரவாயில்லப்பா" என்றாள் சின்னவள், கம்பியை விட்டுவிட்டு. "சில பஸ் இன்னும் கிட்டக்க வரும்."

பாலம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"நான் வந்திருக்கேனா? அப்படி?"

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு தடவை."

"எப்போ?"

"மழைக்காலத்துல. இதே பாலம்தான். மழைக்கோட்டு போட்டிருந்தேன், உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது. ஹாரன்கூட அடிச்சீங்க."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க. பெட்டிக்கு மூடி போட்டிருந்தேன், உங்க பஸ்தான்னு அவங்களுக்குத் தெரியாது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. "வண்டியை வித்துடுன்னு சொல்லியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல அவர் நினைத்தார். ஆனால் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார். தான் ஓட்டிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு மேடு இருந்தது. நான்கு நடை முடிந்திருந்ததால் பாட்டரி அங்கே கையை விரித்துவிட்டது. அவள் எழுந்து நின்று மிதித்தாள். வண்டி நத்தையாகி, பிறகு நின்றது.

"நான் இறங்கறேன்."

"ஒத்தைக் கால்ல இறங்கி என்ன பண்ணப் போறீங்க? சும்மா உட்காருங்க."

மேலேயிருந்து பெரியவள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் கயிறு இழுக்கக் காத்திருந்த கூட்டம் முழுக்க இறங்கி ஓடி வந்தது. முன்னால் இருவர் இழுக்க, பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ள, கால் பீரங்கி முன்னே செல்ல, பஸ்காரர் பூங்காவுக்குள் நுழைந்தார். கைதட்டினார்கள். அசடு வழிந்தாலும் அவரும் கையை ஆட்டினார்.

"கையை வெளிய நீட்டாத" என்றாள் சின்னவள்.

பெட்டியிலிருந்து அவரை வெளியே எடுப்பது உள்ளே வைத்ததைவிடச் சிரமம் என்று பிளம்பர் கையைப் பிசைந்தார். "அப்போ அங்கேயே இருக்கட்டும்" என்று பல் டாக்டர் தீர்ப்பு சொன்னார். மரநிழலில் வண்டியை நிறுத்தி, மைக்கை நீட்டினார்கள். அன்று முழுக்க அவர் அதிலிருந்தே பேசினார். ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊதினார், கயிறு இழுப்பதில் மோசடி செய்த தச்சரை மைக்கிலேயே கையும் களவுமாகப் பிடித்தார், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நடுநடுவே பிள்ளைகள் ஏறி அவர் கட்டின்மேல் படம் வரைந்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் பாலத்தின் பக்கம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சு ஒரு நொடி தடுக்கியது.

நன்றி சொல்லும் நேரத்தில் அவர் ஒன்று சொன்னார். "இத்தனை வருஷமா சாமானை நான் கொண்டு வந்தேன்னு பேர். இந்த வருஷம் எங்க வீட்டம்மா கொண்டு வந்தாங்க. என்னையும் சேர்த்து." பிறகு மைக்கை மூடப்போனவர், மூடாமல், "இந்த வண்டியை நான் தொட்டின்னு சொல்லிட்டிருந்தேன். தப்பு" என்றார். தூரத்தில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

ஏழு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். வேலைக்குத் திரும்பிய மறுநாளே பணிமனை மேலாளரின் அறையில் போய் நின்றார். கதையைச் சொன்னார். மழைக்கால விஷயத்தையும் மறைக்கவில்லை. மற்ற டிரைவர்களையும் ஒரு தடவை அந்தப் பெட்டியில் உட்காரவைக்கலாமா என்று கேட்டார். மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "எத்தனை பேரு வருவாங்க, சொல்லுங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய மனைவி வண்டியோடு பணிமனை வளாகத்துக்கு வந்தாள். பதினான்கு டிரைவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பெட்டியில் உட்கார, அவள் மிதிக்க, பக்கத்தில் ஒரு பஸ் கடந்து போகும். முதலில் ஒரு கை நீளத்தில், பிறகு இரண்டு ஆள் படுக்கும் தூரத்தில். பஸ்ஸை அவர் ஓட்டினார். மனைவி இருக்கிற வண்டியை ஒரு கை நீளத்தில் உரசிக்கொண்டு போகும்போது, ஆமை வேகம்தான் என்றாலும் அவருடைய கால் பிரேக்கையே தேடியது. கிண்டலடித்துக்கொண்டு ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் பேச்சில்லாமல் இறங்கினார்கள். தொந்தி பெருத்த ஒருவர் மட்டும் "எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார். அவரிடம் யாரும் வாதம் பண்ணவில்லை.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவர் பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு வந்தார்.

"நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"கால் தாங்குமா?"

"டாக்டரே மிதிக்கச் சொல்லியிருக்கார்."

அவள் இறங்கி வண்டியைக் கொடுத்தாள். அவர் ஏறி உட்கார்ந்து பெட்டியைக் காட்டினார். "நீ ஏறு."

அவள் யோசித்தாள். இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரை உட்காரவைத்தவள், தான் அதற்குள் உட்கார்ந்தது கிடையாது. ஆடையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். வண்டி கிளம்பியது. அவர் திருப்பியது ஒரு பக்கம், அது போனது ஒரு பக்கம். பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை ஊசித் துவாரத்தில் நுழைக்கிறவர், அடுக்கி வைத்த பழைய டயர்களில் போய் மோதி நின்றார். டீக்கடையிலிருந்து கைதட்டல் கேட்டது.

"சாய்ஞ்சு திருப்பாதீங்க. இது ரெண்டு சக்கரம் இல்ல" என்றாள் அவள்.

பின்னால் எடுத்து, மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை வளாகத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றினார். அவள் பக்கப்பலகையில் இரண்டு கையையும் பரப்பி, காலை நீட்டிக்கொண்டாள். வெயில் முகத்தில் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர், மூச்சிரைக்க.

"பேசாம மிதிங்க" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு சுத்து போகலாம்."