மேயருக்கு ஒரு பூசை

அமெரிக்க மேயர்களைச் சாகடிப்பதில் லாயிடை மிஞ்சத் தென்னிந்தியாவில் ஆள் கிடையாது. இதை அவனே சொன்னான், சிரிக்காமல் சொன்னான்.

"மூணே வரி. கொஞ்ச நாள் சீக்கு, ஊரே கடையடைப்பு, பெரிய ஊர்வலம். மனசுல ஒண்ணும் ஒட்டாது. அது ஒரு திறமை குரு."

2003இல், தொம்மலூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலிருந்த ஆபீசில் அதுதான் வேலை. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க ஊர்ச் சரித்திரங்கள் கம்ப்யூட்டரில் வரும். அவற்றில் இருக்கும் பெரிய மனிதர்களை ஒரு வெப்சைட்டுக்காகப் பக்கத்துக்கு ஒருவராகச் சுருக்க வேண்டும்.

எதிர் மேஜை நோரா அவன் போகும் மாதா கோயிலுக்கே போகிறவள். அவளுக்கு ஒரு வழக்கம். யார் வாழ்க்கையைச் சுருக்கி முடித்தாலும் சனிக்கிழமை கோயில் ஆபீசில் அந்தப் பேரைக் கொடுத்துவிடுவாள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் உபதேசியார் இறந்தவர்கள் பேரை வாசிக்கும்போது, அந்தோணியம்மாளுக்கும் சவரிமுத்துவுக்கும் நடுவே ஒரு ஹொரேஷியோ வின்கேட் வந்து போவார்.

"அவங்கள்லாம் புராட்டஸ்டன்ட் நோரா. மேல உக்காந்து பேந்தப் பேந்த முழிப்பாங்க."

"முழிக்கட்டும். வாழ்க்கையைத்தான் வெட்டிட்டோம். பேரையாவது முழுசா சொல்லலாமில்ல?"

"அப்படியே கல்லறைத் திருநாளுக்கு விசா எடுத்துக் குடு. வந்து மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவட்டும்."

லாயிடின் அப்பா ஆம்ப்ரோஸ் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர். கோயில் கமிட்டித் தலைவராக இரண்டு தடவை ஜெயித்தவர். அடக்கம் முடிந்த சாயங்காலம் லாயிட் அவருடைய நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்து அடுக்கினான். திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். அழுகை வரவில்லை. வராததில் வருத்தமும் வரவில்லை.

அன்று சனிக்கிழமை. காலையில் அம்மா லீனா கதவருகே நின்று சொன்னாள்: "இன்னிக்காவது டாடி பேரைக் குடுத்துட்டு வாப்பா. நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. மகன் நீ இருக்கச்சே நான் போயி குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"இவ்ளோ நாளா மறந்துட்டேன் மம்மி."

மறக்கவில்லை. 'இறந்த ஆம்ப்ரோஸ்' என்று சொல்ல வேண்டும். தினம் நாலு மேயரைச் சாகடிக்கிற வாய், அதற்கு மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

அன்று அவனுக்கு வந்தவர் ஹைரம் பெக். ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் மேஜை நாற்காலிக் கடை. மூன்று தடவை மேயர். தெருவிளக்குப் போட்டார், பாலம் கட்டினார், பிள்ளையில்லாமல் செத்தார். நடுவில் ஒரு வரி: எந்தச் சாவு வீட்டுக்கும் கடை நாற்காலிகளை வாடகை வாங்காமல் அனுப்புவார்.

லாயிட் அந்த வரியை வெட்டினான்.

"நல்லாத்தானே இருந்தது, ஏன் வெட்டுறே?" என்றாள் பின்னால் வந்து நின்ற நோரா.

"பொழைக்கத் தெரியாத ஆளுன்னு உலகத்துக்கே தெரியணுமா?"

"உங்க டாடியும் வாங்க மாட்டாரே. எங்க சித்தப்பா சாவுக்கு..."

"காபி குடிக்கப் போலாமா?"

சாயங்காலம் கோயில் ஆபீசில் அவன் முறை வந்தது. உபதேசியார் பேனாவை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லு லாயிட். யாருக்கு?"

வாய் திறந்தது. "இறந்த..." என்றது. நின்றது. பின்னால் யாரோ செருமினார்கள்.

"இறந்த ஹைரம் பெக்."

உபதேசியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நோராவோட ஆளா?"

"இல்ல சார். என்னோட ஆளு."

"உறவா?"

"நாற்காலிக் கடை. சாவு வீட்டுக்கு வாடகை வாங்க மாட்டார்."

"உங்கப்பா மாதிரி," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "அப்புறம்?"

"இறந்த ஆம்ப்ரோஸ்," என்றான் லாயிட். மேயருக்கு அடுத்த வரியில் உபதேசியார் அதையும் எழுதிக்கொண்டார்.